பைக் மீனைத் தேட வேண்டாம், ரோச்சைத் தேடுங்கள்

வணக்கம். இன்று தூண்டில் போடப்போவது பைக் என்ற வேட்டை மீனுக்கு. அது தின்னும் சின்ன மீன்தான் ரோச். எனக்குப் பின்னால் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல நேராகப் போகிறதே, இதுதான் ஃபார்ட்டி ஃபுட். இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ்ஷயரில் சாட்டரிஸ் ஊர்ப் பக்கம். ஆறு மாதிரித் தெரியும், ஆனால் வடிகால். ஃபென்ஸ் சதுப்பை வற்ற வைக்க 1650களில் வெர்மைடன் என்ற டச்சுப் பொறியாளர் வெட்டியது. தண்ணீர் வடிந்ததும் பீட் என்ற, செடி மக்கிய மண் சுருங்கி நிலம் இறங்கிவிட்டது. இப்போது வடிகால் மேலே, வயல் கீழே. மழை பெய்தால் வயல் தண்ணீரைப் பம்பு வைத்துத்தான் இதில் ஏற்றுகிறார்கள்.

எங்கே உட்காருவது? மைல் கணக்கில் ஒரே அகலம், ஒரே கரை. கோடையில் பாசி மண்டிக்கிடக்கும். டென்ச், ரட் மாதிரி மீன்கள் பிடிக்க அது நல்ல காலம், மக்காச்சோளம் போட்டாலே போதும். பைக்குக்கு நான் குளிர்காலத்தில்தான் வருவேன். உறைபனி இரண்டு மூன்று தடவை விழுந்ததும் நீர்ச்செடி அழுகிப் படுத்துவிடும். மறைவு போன ரோச் கூட்டம் பாலத்தடி, கட்டிப்போட்ட படகு, வடிகால்கள் சேருமிடம் என்று ஒதுங்கும். பின்னாலேயே பைக்கும் போகும். நம்ம ஊர் விரால் மாதிரித்தான், அசையாமல் கிடந்து ஒரே பாய்ச்சல். ஆகவே எங்கேயாவது சின்ன மீன் துள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டே நடங்கள். நாற்காலி போட்டு நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்காருவது இந்தத் தண்ணீருக்குச் சுத்தமாக ஒத்துவராது. அரை மணி நேரம் கடி இல்லையா, கிளம்பிவிடுங்கள்.

இரைக்குப் பாதி கானாங்கெளுத்தி, தக்கைக்குக் கீழே. தூண்டில் நரம்பு மட்டும் போட்டால் அந்தப் பல்லில் அறுந்துவிடும், கம்பி கட்டாயம் வேண்டும். அப்புறம், தக்கை நகர்ந்ததும் உடனே இழுத்துவிடுங்கள். விழுங்கட்டும் என்று காத்திருக்கச் சொல்லும் பழைய ஆட்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். தூண்டில் முள் தொண்டைக்குள் போனால் மீன் பிழைப்பது கஷ்டம். பார்க்க முரட்டு மீன், ஆனால் கையாளும்போது பூஞ்சை உடம்பு. ஈர விரிப்பில் கிடத்தி, நீள இடுக்கியால் முள்ளை எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். லைசென்ஸ் வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடக்கூடாது.

தண்ணீர் நகர்கிறது, பம்பு ஓடுகிறது போல. கலங்கிய தண்ணீரில் பைக்குக்கு இரை கண்ணில் படாது. சாண்டர் என்ற இன்னொரு வேட்டை மீனுக்கு அதுதான் கொண்டாட்டம். 1963இல் கிரேட் ஊஸ் ரிலீஃப் சேனல் என்ற வெள்ள வடிகாலில் கொண்டுவந்து விட்ட மீன் அது, இந்தப் பக்கமெல்லாம் பரவிவிட்டது. சரி, இருட்டுவதற்குள் இரையை மாற்றிக்கொண்டு அந்தப் பாலத்தில் ஒரு கை பார்க்கிறேன்.