ஒரு பெண் நெஞ்சுவலி என்றால் நெஞ்சுவலிதான்

அனைவருக்கும் வணக்கம். பெண்களுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்காது, முதுகோ தாடையோதான் வலிக்கும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் 55 வயதுக்கு உட்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த விர்கோ ஆய்வைப் பாருங்கள். பெண்களில் 87 சதவீதம் பேருக்கு நெஞ்சில்தான் வலியோ இறுக்கமோ இருந்தது. ஆண்களில் ஏறத்தாழ 90. கூடவே வயிற்றுக் கோளாறு, படபடப்பு என்று வேறு சிலவும் பெண்களுக்கு அதிகம் இருந்தன, அவ்வளவுதான். ஆனால் மருத்துவமனையில் சேருமுன்பே மருத்துவரிடம் காட்டிய பெண்களில் 53 சதவீதம் பேர், அந்த மருத்துவர் அதை இதயக் கோளாறாகவே நினைக்கவில்லை என்றார்கள். ஆண்களில் அப்படிச் சொன்னவர்கள் 37 சதவீதம். வலியைச் சொல்லியும் பலன் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இங்கிலாந்திலும் இதே கதைதான். லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் ஏறக்குறைய 6 லட்சம் மாரடைப்பு நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். முதலில் தவறான நோயைச் சொல்லிவிடும் வாய்ப்பு பெண்களுக்கு 50 சதவீதம் அதிகமாக இருந்தது.

சரி, காதால் கேட்பதில்தான் கோளாறு, ரத்தப் பரிசோதனை பொய் சொல்லாதே என்பீர்கள். அங்கேயும் சிக்கல் இருந்தது. இதயத் தசை சேதமானால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். இயல்பாகவே அது பெண்களுக்குக் குறைவு, ஆனால் இருபாலருக்கும் ஒரே வரம்பை வைத்துத்தான் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ மருத்துவர்கள் நுட்பமான பரிசோதனையை வைத்து, லிட்டருக்கு ஆண்களுக்கு 34 நானோகிராம், பெண்களுக்கு 16 என்று தனித்தனி வரம்பு வைத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில், மாரடைப்பு என்று உறுதியான பெண்கள் 11 சதவீதத்திலிருந்து 22 ஆனார்கள். ஆண்களில் 19 சதவீதம் 21 ஆனது, அவ்வளவே. கூடுதலாகத் தெரியவந்த அத்தனை பெண்களும் பழைய கணக்கில் ‘ஒன்றுமில்லை’ பட்டியலில் இருந்தவர்கள்!

அப்புறம் நடந்ததுதான் வேதனை. இந்த வரம்புகளை ஸ்காட்லாந்தின் 10 மருத்துவமனைகளில் கொண்டுவந்தார்கள். நோய் தெரிந்தது, ஆனால் ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட், மருந்து எல்லாம் கிடைத்த பெண்களின் விகிதம் ஆண்களின் விகிதத்தில் ஏறத்தாழ பாதிதான்.

மாற்ற முடியும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 2014-இல் கடுமையான மாரடைப்புக்கு ஒரே நடைமுறையை எழுதி வைத்தது. அவசரப் பிரிவு மருத்துவரே, இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் பிரிவான கேத் லேபை அழைக்கலாம், யாருக்கும் காத்திருக்க வேண்டாம். செய்ய வேண்டியவை எல்லாம் ஒரு தாளில் இருக்கும், ஒவ்வொன்றாக டிக் செய்ய வேண்டும். மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து அடைப்பைத் திறக்கும் வரை ஆகும் நேரத்தில் ஆண், பெண் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தது.

உங்கள் ஊர் மருத்துவமனையில் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று கேளுங்கள்.