வீக்கெண்ட்ல பக்கத்து நகரம்: சாப்பிட நல்ல ஹோட்டலை முன்கூட்டியே பிடிக்கிறது எப்படி?

[திரையில்: மேப் செயலி. தேடல் பெட்டியில் "சிறந்த ஹோட்டல்" என்று டைப் ஆகி, அழிக்கப்படுகிறது.]

வணக்கம். ரெண்டு நாள் பக்கத்து நகரத்துக்குப் போறீங்கன்னா, ஊர்ப் பேரோட "சிறந்த ஹோட்டல்"னு தேடாதீங்க. அதுல வர்றது பேர்போன கடைங்க. பசிக்கிற நேரத்துல நீங்க நிக்கிற இடத்துக்கும் அதுக்கும் முக்கால் மணி நேர தூரம் இருக்கலாம்.

முதல்ல வேளையை எண்ணுங்க. சனி மதியம், சனி ராத்திரி, ஞாயிறு காலை, ஞாயிறு மதியம்னு நாலு வேளை. ஒவ்வொரு வேளைக்கும் எங்க இருப்பீங்களோ, மேப்பை அங்க நகர்த்தித் தேடுங்க. ஒரு கடை, அதுல இருந்து பத்து நிமிஷ நடையில இன்னொரு மாற்றுக் கடை. எட்டையும் ஒரே லிஸ்ட்ல சேமிச்சு, கூட வர்றவங்களுக்கும் அனுப்பிடுங்க.

[திரையில்: 4.4 நட்சத்திரம், 2,000 ரிவ்யூ.]

இப்போ ரேட்டிங். இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. 2,000 பேர் சேர்ந்து 4.4 கொடுத்த கடைன்னு வைங்க. நல்ல மாஸ்டர் வேலையை விட்டுப் போயிட்டார். அடுத்து வந்த 100 பேர் சராசரியா 2 நட்சத்திரம்தான் கொடுக்கிறாங்க. மொத்த ரேட்டிங் எவ்வளவு குறையும்? 8,800-ஓட 200 சேர்த்து, 2,100-ஆல வகுங்க. கிட்டத்தட்ட 4.3. சமையல் கெட்டுப்போச்சு, நம்பர் லேசாத்தான் அசைஞ்சுது! ரேட்டிங் அந்தக் கடையோட பழைய பேரைத்தான் சொல்லும். இந்தச் சனிக்கிழமை தட்டுல என்ன விழும்னு அதுக்குத் தெரியாது.

அதனால ரிவ்யூவைப் புதுசு முதல்ல வர்ற மாதிரி வரிசைப்படுத்தி, கடைசி ரெண்டு மாசத்தை மட்டும் படிங்க. எதைச் சாப்பிட்டாங்க, எத்தனை மணிக்குப் போனாங்க, எவ்வளவு நேரம் காத்திருந்தாங்கன்னு எழுதுறவங்களை நம்பலாம். ஒரே குறையை மூணு பேர் தனித்தனியா சொன்னா அது உண்மைதான். பார்சல் லேட், பார்க்கிங் இல்லைங்கிற ஒத்தை நட்சத்திரங்களைச் சாப்பாட்டுக் கணக்குல சேர்க்காதீங்க. "சர்வீஸ் சூப்பர்"னு ரெண்டே வரி, ஒவ்வொண்ணுலயும் ஒரு சர்வர் பேரு, எல்லாம் அடுத்தடுத்த நாள்ல வந்திருந்தா, அது மேஜையில வச்சே கேட்டு வாங்கின ரிவ்யூவா இருக்க வாய்ப்பு அதிகம். 2017-ல ஊபா பட்லர்ங்கிற பத்திரிகையாளர், லண்டன்ல தன் தோட்டத்துக் கொட்டகையை ஹோட்டல்னு டிரிப்அட்வைசர்ங்கிற ரிவ்யூ தளத்துல பதிவு பண்ணி, ஒரு தட்டு சாப்பாடு கூடப் போடாம, போலி ரிவ்யூக்களை வச்சே அந்த நகரத்துக்கு முதலிடம் வரைக்கும் கொண்டு போனார்.

போட்டோல கடைக்காரர் போட்டதை விட்டுடுங்க. சாப்பிட்டவங்க எடுத்ததைப் பாருங்க. அளவு தெரியும், மெனு கார்டுல விலையும் தெரியும். போட்டோவோட தேதியையும் பார்த்துக்கோங்க, பழசுன்னா விலை ஏறியிருக்கும்.

[திரையில்: மணிவாரியாகக் கூட்டம் காட்டும் பட்டை வரைபடம்.]

கூகுள் மேப்ஸ்ல கூட்ட நேரத்துக்கு ஒரு வரைபடம் இருக்கும். அதை ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் ஒப்பிடக் கூடாது. பட்டையோட உயரம் எத்தனை பேர்ங்கிற கணக்கு இல்ல, அந்தக் கடையோட உச்சக் கூட்டத்துல எவ்வளவு பங்குங்கிறதுதான். சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, பட்டை ஏறத் தொடங்குற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க.

[திரையில்: போன், கடிகாரம் 4:00.]

கடைசியா, வியாழக்கிழமை ஒரு போன். இதைத்தான் யாரும் செய்யறதில்ல, இதுலதான் பயணமே காப்பாத்தப்படுது. சாயங்காலம் மூணரைல இருந்து அஞ்சுக்குள்ள கூப்பிடுங்க. மதியக் கூட்டம் ஓய்ஞ்சு, ராத்திரிக் கூட்டம் தொடங்காத நேரம், நிதானமா பதில் சொல்வாங்க. "ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?"னு கேளுங்க. மேப்ல போட்டிருக்கிற நேரம் பல கடைக்கு யாரும் திருத்தாம கிடக்கும். "எத்தனை மணிக்கு மூடுவீங்க?"னு கேட்காதீங்க, "கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?"னு கேளுங்க. பத்தரைக்கு மூடுற கடையில பத்து மணிக்கே அடுப்பை அணைச்சிருக்கலாம். மதியத்துக்கும் ராத்திரிக்கும் நடுவுல கிச்சன் மூடுவாங்களா? நீங்க எதுக்காகப் போறீங்களோ அந்த அயிட்டம் எத்தனை மணிக்குள்ள தீரும்? ஆறு பேர்னா டேபிள் சேர்த்துப் போடுவாங்களா, முன்பதிவு உண்டா? சனி ராத்திரிக்கும் ஞாயிறு மதியத்துக்கும் மட்டுமாவது இதைக் கேட்டுடுங்க.

ஊருக்குப் போனதும் தங்குற இடத்து ரிசப்ஷன்ல "நல்ல ஹோட்டல் எது?"னு கேட்டா, வெளியூர்க்காரங்களுக்குன்னே வச்சிருக்கிற பதில்தான் வரும். "டூட்டி முடிஞ்சு நீங்க எங்க சாப்பிடுவீங்க?"னு கேளுங்க. சொல்ற கடையை மேப்ல பார்த்து, பிடிச்சிருந்தா மாற்றுக் கடை இடத்துல போட்டுக்கோங்க.

கடை வாசல்ல கூட்டம் இருந்தா, பேரைக் கொடுத்துட்டு எவ்வளவு நேரம் ஆகும்னு கேளுங்க. அரை மணிக்கு மேல சொன்னா, அங்கயே நின்னுக்கிட்டு மாற்றுக் கடைக்குப் போன் பண்ணுங்க. இடம் இருக்குன்னு உறுதியானதும் பேரை எடுத்துட்டு நடங்க.