கர்ப்ப காலத்தில் மீன் சாப்பிடலாமா? பாதரச பயமும் பிள்ளையின் மூளையும்

[திரையில்: சிறிய மரப்பெட்டி. உள்ளே காய்ந்த தொப்புள்கொடி.]

ஜப்பானில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்து இப்படிப் பத்திரப்படுத்துவார்கள். அங்குள்ள மினமாட்டா என்ற கடலோர ஊர்ப் பகுதிக் குடும்பங்கள் வைத்திருந்த கொடிகளைப் பிற்காலத்தில் சோதித்தபோது, அவற்றில் மெத்தில் பாதரசம் (மீனில் சேரும் நச்சுப் பாதரச வகை) இருந்தது. சிஸ்ஸோ ரசாயன ஆலை கடலில் கலந்த கழிவு, மீன் வழியாகத் தாயின் உடம்புக்கும் அங்கிருந்து கருவுக்கும் போயிருக்கிறது. இதனால் வந்த நோய் 1956-இல் வெளியே தெரிந்தது. நெஞ்சை உலுக்கும் விஷயம் என்னவென்றால், பல தாய்மார்களுக்குப் பெரிதாக எந்த அறிகுறியும் இல்லை. பிள்ளைகளோ மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்தார்கள்.

[திரையில்: நஞ்சுக்கொடியின் வரைபடம்.]

நஞ்சுக்கொடி இதைத் தடுக்காதா? தடுக்காது. மெத்தில் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் அது மெத்தியோனின் என்ற சத்தைப் போலவே இருப்பதால், பிள்ளைக்குச் சத்து போகும் வழியிலேயே உள்ளே போய்விடும். தொப்புள்கொடி ரத்தத்தில் அதன் அளவு தாயின் ரத்தத்தைவிடச் சராசரியாக 1.7 மடங்கு. கருவில் நரம்பு செல்கள் பெருகி, மூளையில் தத்தம் இடத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கும் நேரம் அது. அந்த நகர்வையே பாதரசம் குலைக்கிறது.

சரி, மினமாட்டாவில் நடந்தது பேரளவு நச்சு. சாதாரணமாக மீன் சாப்பிடுகிறவர்களுக்கு?

வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் 1986-87-இல் பிறந்த சுமார் 900 குழந்தைகளை 7 வயதில் சோதித்தார்கள். கருவில் பாதரசம் அதிகம் சேர்ந்தவர்களுக்கு மொழி, கவனம், நினைவாற்றல் மூன்றும் சற்றுப் பின்தங்கியிருந்தன. அங்கே பாதரசம் பெரும்பாலும் வந்தது திமிங்கில இறைச்சியிலிருந்து. இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷெல்ஸில் தாய்மார்கள் வாரத்துக்குச் சுமார் 12 வேளை மீனே சாப்பிட்டும், அப்படித் தெளிவான பாதிப்பு தென்படவில்லை. மீனிலுள்ள டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பும் அயோடினும் மூளை வளரத் தேவையானவை. 2007-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், வாரம் 340 கிராமுக்குக் குறைவாக மீன் சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகளே மொழித்திறனில் பின்தங்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது.

அதனால், பயந்து மீனை அடியோடு நிறுத்தச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மீனைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும்.

[திரையில்: சிறு மீனைப் பெரிய மீன் விழுங்குகிறது.]

பல காலம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்னும் சுறா, வாள்மீன் போன்றவற்றில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். அவை வேண்டாம். மத்தி, நெத்திலி மாதிரி சிறு மீன்களில் குறைவு. அமெரிக்க அரசின் பரிந்துரை, பாதரசம் குறைந்த மீன் வாரத்துக்கு 225 முதல் 340 கிராம். தோலை உரித்தாலும் நன்றாக வேகவைத்தாலும் பாதரசம் போகாது. அது சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது.

அப்புறம் ஒன்று. உடம்பில் சேர்ந்த மெத்தில் பாதரசம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 50 நாள் ஆகும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே, சில மாதம் முன்பே பெரிய மீன்களை விட்டுவிடுங்கள். பாலூட்டி முடிக்கும்வரை அப்படியே தொடருங்கள்.