சம்பளத்துக்கு முந்தின வாரம், கேம்ஸ் கடையில்

வணக்கம் நேயர்களே. அந்தக் காலத்தில் நம் மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊரில் வீடியோ கேம்ஸ் கடை எப்போது நிரம்பும், எப்போது காற்று வாங்கும் என்பதைக் காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். ரப்பர் தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரம் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு இல்லை, அன்றும் கூட்டம்தான். சம்பளத்துக்கு முந்தின வாரம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்த வாரம். மத்தியான வெயில், கல்லாவில் தவுக்கே, அதாவது கடை முதலாளி, பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார், காசு போட்டு ஆடும் கேம் பெட்டிகளெல்லாம் ஆளில்லாமல் தாமாகவே சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்.

நான் ரேடியோ, டிவி ரிப்பேர்காரன். அந்தக் காலத்தில் அந்தப் பெட்டிகளையும் பழுது பார்த்தேன். பார்த்த வேலைக்குப் பாதிக் கூலி பணமாக வரும், மீதி விளையாட்டாக வரும். அதனால் ஒரே கேமில் ஊறிப்போகாமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன்.

முதலில் ஒன்று சொல்கிறேன். காசு போடாதீர்கள். ஆமாம், காசு போடுவதற்கு முன் பாருங்கள். யாரும் தொடாத பெட்டி தானே விளையாடிக் காட்டும். சின்னப் பசங்கள் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, தாங்களே ஆட்டுவதாக நினைத்து இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். சிரிக்க வேண்டாம். எதிரி எங்கிருந்து வருகிறான், எதைத் தொட்டால் சாவோம் என்று அந்தப் பையனுக்கு ஓசியில் பாடம் நடக்கிறது. கூட்ட நாளில் இது முடியாது, பின்னால் நிற்கிறவன் தோளை இடிப்பான்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-இல் ஜப்பானில் நிஷிகாடோ என்பவர் செய்தது. வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசை, மொத்தம் 55 வேற்றுக்கிரகப் பூச்சிகள் மேலிருந்து இறங்கி வரும், கீழே இருந்து நாம் சுட வேண்டும். சுடச்சுட மிச்சம் இருப்பவை வேகமெடுக்கும். கடைசி ஒன்று பறக்கும். வேண்டுமென்றே வைத்த தந்திரம் என்றுதான் நாம் நினைப்போம். விஷயம் வேறு. உள்ளே இருந்த சில்லுக்கு 55-ஐயும் நகர்த்தி வரைவதற்கே மூச்சு வாங்கியது. எண்ணிக்கை குறையக் குறைய அதற்கு வேலை குறைந்தது, பூச்சிகள் ஓட்டமெடுத்தன. நிஷிகாடோ அதைப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்.

சரி, இப்போது பேக்மேன். இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, வீட்டில் சொல்வார்கள். 1980, இவாதானி என்பவரின் கைவேலை. புதிர்ப்பாதைக்குள் ஓடுகிற ஒரு மஞ்சள் வாய், அதுதான் நீங்கள். பிடிக்க வருவது நான்கு பேய்கள். நம் பசங்கள் மாட்டிக்கொண்டால் 'லக் இல்லைண்ணே' என்பார்கள். லக் கிடையாது தம்பி! துரத்தும்போது அந்த நான்கும் கணக்குப்படிதான் ஓடும். சிவப்பு, நீ இருக்கிற இடத்துக்கு நேராக வரும். இளஞ்சிவப்பு, நீ போகப்போகிற இடத்துக்குப் போய் மறிக்கும். நீலம், சிவப்பு எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து வழி பிடிக்கும். ஆரஞ்சு ஒரு கோழை. தூரத்தில் இருந்தால் துரத்தும், கிட்டே வந்ததும் தன் மூலைக்கு ஓடிவிடும். சின்ன வயதில் நான் ஆரஞ்சுக்குத்தான் அதிகம் பயந்தேன் என்பது வேறு கதை.

இன்னும் கேளுங்கள். முதல் கட்டத்தில், ஆட்டம் தொடங்கி 7 விநாடிக்கு நான்கும் ஆளுக்கொரு மூலையைத் தேடிப் போகும். அப்புறம் 20 விநாடி துரத்தல். மறுபடி 7 விநாடி மூலை. துரத்திக்கொண்டிருந்த நான்கும் ஒரே நேரத்தில் சட்டென்று வந்த வழியே திரும்பினால், முறை மாறிவிட்டது என்று அர்த்தம். ஓரத்துச் சுரங்கத்தில் பேய்களின் வேகம் பாதியாகக் குறையும், உங்கள் வேகம் குறையாது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆளில்லாத மத்தியானத்தில், ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததில் கண்ணுக்குப் பட்டது. மறுபடியும் சொல்கிறேன், லக் கிடையாது.

இதில் இன்னொரு சங்கதி. பெட்டியைத் திறந்தால் போர்டில் எட்டுச் சின்ன சுவிட்சுகள் இருக்கும், நகத்தால் தள்ளலாம். ஒரு காசுக்கு எத்தனை உயிர் என்பதை அதில் வைப்பார்கள். பேக்மேனில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று வைக்கலாம். நான் வேலை பார்த்த ஒரு கடையில் தவுக்கே சம்பள வாரம் வந்தால் என்னைக் கூப்பிட்டு மூன்றை இரண்டாக்கச் சொல்வார். வரிசை நகர வேண்டாமா? கூட்டம் வடிந்ததும் மறுபடி மூன்று. அதே இருபது காசுதான், சும்மா கிடக்கிற வாரத்தில் வந்தவனுக்கு ஒரு உயிர் கூடுதல். பக்கத்து ஈப்போ நகரில் நன்றாக ஆடினேன், இங்கே ஏன் சீக்கிரம் சாகிறேன் என்று புலம்பிய பிள்ளைகளுக்கு இப்போதாவது பதில் கிடைத்திருக்கும்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூவைச் சொல்லாமல் போக முடியாது. 1991-இல் வந்த, இருவர் மோதும் சண்டை கேம். நம் பசங்களுக்கு அதில் தல்சிம் என்றால் உயிர், கையைக் காலை நீட்டி அடிக்கிற இந்திய யோகி. கூட்ட நாளில் நீங்கள் பழகிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒருவன் காசு போட்டு உள்ளே வருவான், தோற்றவன் வெளியே. ஆளில்லாத நாளில் இயந்திரத்தோடு மட்டும் சண்டை. நெருப்பு ஊதுவதைப் பழக அதுதான் நேரம். ஜாய்ஸ்டிக்கைக் கீழே இழுத்து, விடாமல் எதிராளி பக்கமாக உருட்டி, குத்து பட்டனைத் தட்ட வேண்டும். உருட்டல் நடுவில் அறுந்தால் வெறும் குத்துதான் விழும். எதிராளி தாவி அந்தப் பக்கம் போய்விட்டால் நீங்களும் உருட்டலை மாற்றிக்கொள்ளுங்கள். கார் ஓட்டும் பெட்டியைப் பற்றியும் எழுதி வைத்திருந்தேன், செய்தி நேரம் வந்துவிட்டது. அது இன்னொரு நாளைக்கு. வணக்கம்.