மூடி வைத்தால்தான் கோலம்

வணக்கம் நேயர்களே. ஜூலை 21 நெருங்கினாலே நம் பிள்ளைகள் என்ன பாரம்பரிய உடை உடுத்திக்கொண்டு பள்ளிக்குப் போவது என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். சிங்கப்பூரில் 1964இல் அதே நாளில் மூண்ட இனக்கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், அதை மறந்துவிடக்கூடாது என்றுதான் 1997 முதல் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள்.

அன்றைக்குப் பிள்ளைகள் சேர்ந்து ஓவியம் செய்வதும் உண்டு. பெரிய அட்டையில் ஆளுக்கொரு கட்டம், இங்கே கோலம், அங்கே சீன விளக்கு, ஓரத்தில் மலாய்த் துணிகளில் வருமே, அந்தப் பாத்தேக் பூ. அழகாகத்தான் இருக்கும், ஆனால் பக்கத்துக் கட்டத்துப் பிள்ளையிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அதை முடித்துவிடலாமே! அதுதான் எனக்கு உறுத்தல்.

போன வருஷம் ஒரு தொடக்கப்பள்ளியில் உதவிக்குக் கூப்பிட்டார்கள். தொடக்கநிலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். சரி, சிக்குக்கோலம் போடலாம் என்றேன். அதில் நான் இழுக்கும் கோடு புள்ளியைச் சுற்றி உன் பக்கம் வரும், நீ அதை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும், ஒருவர் தப்பாகத் திருப்பினால் எல்லாருக்கும் சிக்கல்.

ஒரு சீனப் பையனுக்குக் கையில் சாக்குத்தூள் பட்டாலே தாங்காது, காதைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டான். ஆசிரியை அவனிடம் ஒரு பை நிறைய போத்தல் மூடிகளைக் கொடுத்து, புள்ளி வைக்கும் வேலை உனக்கு என்றார். ஏழுக்கு ஏழு, 49 மூடி. தரை ஓட்டின் விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக அடுக்கினான். அவன் வைத்து முடிக்கும்வரை மற்றப் பிள்ளைகள் சாக்குக்கட்டியோடு காத்திருந்தார்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் 2019 முதல் கட்டாயக் கல்வி வந்துவிட்டது, நல்லது, ஆனால் வந்த பிள்ளைக்கு ஒப்புக்கு ஒரு தூரிகையைக் கொடுத்து ஓரத்தில் உட்காரவைப்பது போதாதுங்க. அவன் இல்லாமல் நடக்காத ஒரு வேலையை அவனுக்குக் கொடுக்கவேண்டும்.

அப்புறம் ஒரு மலாய்ச் சிறுமி, நடுவில் பாத்தேக் பூ வைக்கலாமா என்று கேட்டாள். எத்தனையோ வருஷமாக வாசலில் கோலம் போட்ட கை இது, கொஞ்சம் தயங்கினேன். வை என்றேன். அந்தப் பூவுக்கு இடம் விட நாலு கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்கள், யார் கோட்டை அழிப்பது என்று பத்து நிமிஷம் வாக்குவாதம் வேறு. அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே இப்படி ஒரு வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

சாயங்காலம் மண்டபத்தைக் காலி செய்யவேண்டும். பிள்ளைகளே கூட்டினார்கள். அந்தப் பையன் மூடிகளை எண்ணினான், 48தான் இருந்தது. அவன் முகம் மாறியதைப் பார்த்ததும் வகுப்பே தரையில் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் ஒரு பிள்ளையின் பாஜு கூரோங், அதாவது மலாய்ப் பெண்கள் உடுத்தும் உடையின் மடிப்பிலிருந்து அது விழுந்தது. அவன் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து திரும்ப எண்ண உட்கார்ந்தான், இந்த முறை எல்லாரும் கூடவே எண்ணினார்கள்.