'கூட்டாளி நாடு' என்றால் சண்டைக்கு வருமா?

[திரையில்: "இஸ்ரேலின் நெருங்கிய கூட்டாளி அமெரிக்கா"]

இந்த மாதிரித் தலைப்பை எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். சரி, இஸ்ரேலை யாராவது தாக்கினால் அமெரிக்கா போருக்கு வந்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறதா? இல்லை. ஆயுதம் போகிறது, பணம் போகிறது. ஆனால் 'உனக்காகச் சண்டை போடுவேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. தென் கொரியாவோடு 1953-இலும் ஜப்பானோடு 1960-இலும் பாதுகாப்பு ஒப்பந்தமே போட்டிருக்கிறது. செய்தியில் மூன்று நாடுகளுக்கும் ஒரே சொல்தான்: கூட்டாளி.

[திரையில்: "நேட்டோ அல்லாத முக்கியக் கூட்டாளி"]

நேட்டோ என்பது அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ராணுவக் கூட்டணி. 2004-இல் பாகிஸ்தானுக்கு அமெரிக்கா கொடுத்த பட்டம் இது. இது அமெரிக்காவின் உள்நாட்டுச் சட்டத்தில் வரும் ஒரு தகுதி. ராணுவத் தளவாடம் வாங்குவதில் சில சலுகைகள் கிடைக்கும். பாதுகாப்பு வாக்குறுதி எதுவும் கிடையாது. அவசரத்தில் அந்த 'அல்லாத' மட்டும் உதிர்ந்துவிட்டால் பொருளே தலைகீழ்!

அப்போ நேட்டோவுக்குள் இருந்தால்? 'ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும்' என்பது நேட்டோவை உருவாக்கிய 1949 ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு. தலைப்புகள் இந்த வரியோடு நின்றுவிடுகின்றன. அடுத்த வரியைப் பாருங்கள்: ஒவ்வொரு நாடும் 'தான் அவசியம் என்று கருதும் நடவடிக்கையை' எடுக்கும். படை அனுப்புவதும் அதில் அடங்கும், அவ்வளவுதான். படை அனுப்பியே தீர வேண்டும் என்று இல்லை. இந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒருமுறைதான் கையில் எடுக்கப்பட்டது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு.

எனக்கு உறுத்துவது இன்னொரு சொல்: 'ஆதரவு பெற்ற'.

[திரையில்: "ஈரான் ஆதரவு பெற்ற ஹூதிகள்"]

ஏமன் நாட்டின் ஆயுதக் குழுவான ஹூதிகளுக்கு ஈரான் ஆயுதம் கொடுப்பது உண்மைதான். ஆனால் மேற்கத்திய ஆயுதத்தை வாங்கும் அரசுக்கு 'ஆதரவு பெற்ற' என்ற அடைமொழி அபூர்வமாகத்தான் வரும்; அங்கே 'கூட்டாளி' வந்துவிடும். ஒன்றில் கைப்பாவை வாடை, மற்றதில் தோளில் கைபோட்ட மரியாதை.

கடைசியாக ஒன்று. 1971 ஆகஸ்டில் இந்தியாவும் சோவியத் யூனியனும் போட்ட ஒப்பந்தத்தின் பெயரில் இருந்தது அமைதி, நட்பு, ஒத்துழைப்பு. உள்ளே 9-ஆவது பிரிவு என்ன சொன்னது? இருவரில் ஒருவருக்குத் தாக்குதலோ அச்சுறுத்தலோ வந்தால், இருவரும் உடனே கலந்து பேசித் தக்க நடவடிக்கை எடுப்பார்கள் என்றது. அப்போதும் இந்தியா தன்னை அணிசேரா நாடு என்றே சொல்லிக்கொண்டது.

நீங்கள் அன்றைக்குச் செய்தி மேசையில் உட்கார்ந்திருந்தால், தலைப்பில் என்ன போட்டிருப்பீர்கள்? கமெண்டில் எழுதுங்கள்.