வன்னியில பார்க்க என்ன இருக்கு எண்டு கேட்டவைக்கு

வணக்கம், எல்லாரும் சுகமோ? சத்தம் கேக்குதுதானே? சோளகக் காத்து ஆளைத் தூக்குது. மைக்குக்கு என்ர லேஞ்சியைச் சுத்தி வைச்சிருக்கிறன், வடிவில்லைத்தான், கண்டுகொள்ளாதேங்கோ.

ரீ குடிக்காமல் நான் வீடியோ துவங்கிறதில்லை எண்டு உங்களுக்குத் தெரியும். குடிச்சிட்டுத்தான் வந்தனான், அப்பிடியும் கோவம் இறங்கேல்லை. கனடாவில இருந்து என்ர ஒண்டுவிட்ட அக்கா குடும்பத்தோட வாறா. ஒரு பயண முகவர், பேர் வேண்டாம், அவைக்கு எங்கெங்க போறது எண்டு தாளில அடிச்சுக் குடுத்திருக்கு. அனுராதபுரத்துக்கு ஒரு முழுப் பக்கம். யாழ்ப்பாணத்துக்கு ரெண்டு பக்கம், ஐஸ்கிரீமுக்கே படத்தோட ஒரு பந்தி. நடுவில இருக்கிற எங்கட வன்னிக்கு ஒரே ஒரு வரி. வாசிக்கிறன், கேளுங்கோ: "வவுனியா ஊடாகப் பயணம். கிளிநொச்சியில் மலசலகூட வசதி."

முடிஞ்சுது. வவுனியாவில இருந்து ஆனையிறவு மட்டும் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைய வரும். அவ்வளவு தூரத்துக்கும் எங்களிட்ட இருக்கிறது ஒரு கக்கூசாம்.

அக்கா போனில கேக்கிறா, "ஏன் பிள்ளை, அங்க பார்க்க என்னதான் இருக்கு?" நக்கலாக் கேக்கேல்லை, உண்மையாத்தான் கேக்கிறா. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. போனில சொன்னால் மறந்துபோவா, அதால வீடியோவாப் போடுறன். அக்கா, இது உங்களுக்குத்தான். மற்ற ஆக்களும் பாருங்கோ.

முதல் இடம், வவுனியா தொல்பொருள் நூதனசாலை. டவுனுக்குள்ளயே இருக்கு, சின்னக் கட்டடம். இதைப் பற்றிச் சொன்னால் வவுனியாச் சனமே "எங்க, எங்கட வவுனியாவிலயோ?" எண்டு கேக்குது. நடுவில அறுகோணமா ஒரு மண்டபம். அதுக்குள்ள சுண்ணக்கல்லுப் புத்தர் சிலையள், 5ஆம் நூற்றாண்டில இருந்து 8ஆம் நூற்றாண்டு வரைக்கும் உள்ளது. இது யாற்றை, அது யாற்றை எண்டு சண்டை பிடிக்கிறவை வெளியில நிண்டு பிடியுங்கோ, நான் சிலையைப் பார்க்கப் போறன். கண்ணை மூடி இருக்கிற அந்த முகத்துக்கு முன்னால நிண்டால், எவ்வளவு கதைக்கிற ஆளும் குரலைத் தணிப்பினம். நானே தணிச்சனான் எண்டால் பாருங்கோவன்.

ஆனால் என்ர மனசு நிண்டது சிலையில இல்லை. பக்கத்தில கிளிநொச்சிப் பக்கம் எடுத்த சுடுமண் உருவங்கள் இருக்கு. 4ஆம், 5ஆம் நூற்றாண்டு எண்டு சொல்லுகினம். கொழும்பில பெரிய பெரிய வெண்கலமெல்லாம் பார்த்திருக்கிறம், அதுகள் வேற. இது களிமண். ராசா செய்விச்ச சாமான் மாதிரித் தெரியேல்லை. பெருவிரலாலயும் சுட்டுவிரலாலயும் ஒரு கிள்ளு, அது மூக்கு. ஈர மண்ணில ஒரு கீறல், அது கண். நான் பிறந்து வளந்த பக்கத்து மண்ணில, அவ்வளவு காலத்துக்கு முதல் ஒராள் இருந்து கிள்ளின மூக்கு. நான் எவ்வளவு நேரம் நிண்டனோ தெரியாது, அங்க வேலை செய்யிற ஐயா வந்து "என்ன பிள்ளை, ஏதும் படிக்கிறீரோ?" எண்டு கேட்டார். "இல்லை ஐயா, சும்மா பார்க்கிறன்" எண்டன். அவருக்குச் சரியான சந்தோசம்.

கிழமையில ஒரு நாள் பூட்டுவினம், அக்கா, கேட்டிட்டுப் போங்கோ.

ஆ, பொறுங்கோ, வவுனியாவை விட்டு வெளிக்கிட முதல் ஒண்டு. மாவட்டச் செயலகத்துக்கு முன்னால, வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன்ர சிலை நிக்குது. அதை வடிவாப் பார்த்து வையுங்கோ, பிறகு சொல்லப்போற கதைக்குத் தேவை.

இப்ப யாழ்ப்பாணம் போற ஏ9 ரோட்டில ஏறியாச்சு. இது பாலைப்பழக் காலம். ரோட்டுக் கரையில பேணி பேணியாக் குவிச்சு வைச்சிருப்பினம், மஞ்சள் மஞ்சளா. நான் பாலைப்பழத்துக்கு எவ்வளவு பைத்தியம் எண்டு பழைய வீடியோ பார்த்த ஆக்களுக்குத் தெரியும். ஒரு இடத்தில நிப்பாட்டினன். சுண்டு 400 ரூபா எண்டார். சரி, காட்டுக்குள்ள யானைக்கும் கரடிக்கும் பயந்து பயந்து ஆய்ஞ்சு வாற சாமான், 400 எண்டால் 400. கரடிக்கும் பாலைப்பழம் எண்டால் உயிர், தெரியும்தானே? நான் விலையைப் பற்றிக் கதைக்க வரேல்லை. பேணியைப் பற்றித்தான் கதைக்கப்போறன்.

சுண்டு எண்டால் ரின்பால் பேணி. எல்லாருக்கும் தெரிஞ்ச அளவு. அவர் அளக்கேக்க நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். மேல கோபுரமாக் குவிக்கிறார், மனுசன் தாராளமான ஆள் எண்டு நினைச்சன். பையுக்குள்ள கவிட்டால் பழம் கொஞ்சமாத்தான் தெரியுது. "அண்ணை, அந்தப் பேணியை ஒருக்காத் தாங்கோ" எண்டு வாங்கிப் பார்த்தன். அடி உள்ளுக்கு நெளிஞ்சிருக்கு! சும்மா விழுந்து நெளிஞ்ச நெளிவில்லை, வடிவா, வட்டமா, ஆரோ இருந்து தட்டின நெளிவு. மூண்டு விரலை மடக்கி வைச்சால் அப்பிடியே பொருந்துது. "அண்ணை, இது முக்கால் சுண்டும் வராது" எண்டன். "பேணி பழசு தங்கச்சி" எண்டார். பேணி பழசாம்! வவுனியாவில அவ்வளவு பழைய களிமண்ணே நெளியாமல் இருக்கு, இவற்றை பேணி நெளிஞ்சிட்டுதாம்.

இதைப் பற்றி இன்னும் கதைச்சால் நீங்கள் வீடியோவை ஓட விட்டிடுவியள். ஆனால் ஒண்டு மட்டும் சொல்லுறன். ஒட்டுசுட்டான் ரோட்டில ஒரு அம்மா, ஒரு சின்ன வாங்கு, ஒரு பனையோலைப் பெட்டி. சுண்டு 300. பேணி அடி தட்டை, நான் கேக்காமலே கவிட்டுக் காட்டினா. அளந்து போட்டிட்டு மேலால ஒரு கை அள்ளிப் போட்டா. நான் ரெண்டு சுண்டு வாங்கினன். முதல் வாங்கினதையும் சேர்த்துச் சாப்பிட்டதில பால் பிடிச்சு உதடு ரெண்டும் ஒட்டிக்கொண்டுது. கற்சிலைமடுவில எடுத்த துண்டில நான் கதைக்கிறது கொன்னை மாதிரிக் கேக்கும், அதுக்குக் காரணம் இதுதான். வீட்டில எண்டால் உதட்டில தேங்காய் எண்ணெய் பூசியிருப்பன்.

கற்சிலைமடு. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. இதுக்காகத்தான் நான் ஏ9ஐ விட்டே இறங்கினது. 1803ஆம் ஆண்டு ஓகஸ்ற் 25, பண்டாரவன்னியன் முல்லைத்தீவில இருந்த வெள்ளைக்காரற்றை கோட்டையைத் தாக்கிப் பிடிச்சவர். பீரங்கியளையும் கொண்டுபோனவர். ரெண்டு மாதம் கழிச்சு, ஒக்ரோபர் 31, கப்டன் வொன் டிறிபேர்க் எண்டவன் படையோட வந்து இந்த இடத்தில அவரைத் தோற்கடிச்சான். வெண்ட பக்கம் ஒரு கல்லு நட்டுது. கல்லில எழுதியிருக்கிறதின்ர பொருள் இவ்வளவுதான்: இவ்விடத்தில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்ரோபர் 1803. இங்கிலீசில. ஆர் எப்பிடிச் சண்டை பிடிச்சது, எத்தினை பேர் செத்தது, ஒண்டும் இல்லை.

இப்ப வவுனியாச் சிலையை நினைச்சுப் பாருங்கோ. தோத்த ஆளுக்கு இவ்வளவு பெரிய சிலை. வெண்ட ஆளை ஆருக்குத் தெரியும்? அவன்ர பேர் தங்கி நிக்கிறதே இவரைத் தோற்கடிச்சதாலதான். எனக்கு அந்த இடத்தில நிண்டு சிரிப்பு வந்திட்டுது, ஆனால் உதடு ஒட்டினபடியால் சிரிக்கவும் ஏலாது.

அங்கால தான்தோன்றீஸ்வரர் கோயில். பேரிலயே இருக்கு, தானாத் தோன்றின லிங்கம். உள்ளுக்குக் கமெரா கொண்டுபோறது எனக்குப் பிடிக்காது, தெரியும்தானே, அதால வீதியை மட்டும் எடுத்தனான். வற்றாப்பளை கண்ணகி அம்மனுக்குப் போறதெண்டால் வைகாசிப் பொங்கலுக்குப் போகவேணும். கடல் தண்ணியில விளக்கெரிக்கிற கோயில். இந்த முறை சனத்துக்குள்ள நான் பட்ட பாட்டைப் போன வீடியோவில கண்டிருப்பியள், திரும்பச் சொல்லேல்லை.

பூங்கா எங்க எண்டு அக்கா கேட்டவ, பிள்ளையள் ஓடித்திரிய. ஒரு பூங்காவுக்குப் போனனான், எது எண்டு சொல்லமாட்டன். வாசல்லயே ஆளுயரத்துக்கு இருதயம் போட்ட ஒரு எழுத்துப் பலகை, படம் எடுக்கிறதுக்கு. அதுக்கு முன்னால வரிசை. உள்ளுக்கு ஒரு மரம் இல்லை, நிழல் இல்லை, ஊஞ்சல் நல்லாக் கொதிச்சுப்போய் நிக்குது. வன்னியில நிண்டுகொண்டு மரத்தை வெட்டிப்போட்டுப் பூங்கா கட்டிற மூளை ஆருக்குத்தான் வரும்? பாலை, வீரை, முதிரை எண்டு கடவுள் தந்த காடு சுத்திவர நிக்குது!

எங்கட பூங்கா குளக்கட்டுதான், அக்கா. பின்னேரம் நாலரைக்குப் பிறகு இரணைமடுக் கட்டில ஏறுங்கோ. கனகராயன் ஆற்றை மறிச்சுக் கட்டின குளம், வெள்ளைக்காரன் காலத்து வேலை. ஒரு பக்கம் தண்ணி, மற்றப் பக்கம் வயல். கச்சான் வாங்கிக் கொறிச்சுக்கொண்டு நடக்கலாம், பிள்ளையள் எவ்வளவு கத்தினாலும் ஆரும் ஏசமாட்டினம். கனகாம்பிகை அம்மன் கோயில் மணிச் சத்தம் கேக்கும். மாரியில வான்கதவு திறந்தால் கிளிநொச்சி முழுக்க அங்கதான் நிக்கும். இன்னும் பழசு வேணுமெண்டால் வவுனிக்குளம், பாலியாற்றை மறிச்சது, எல்லாளன் காலத்தோட சேர்த்துச் சொல்லுவினம். சுண்டிக்குளம் இப்ப வேண்டாம். 1938இலயே பறவையள் சரணாலயமாக்கினது, 2015இல தேசிய பூங்காவாக்கினவை, எல்லாம் சரி, ஆனால் பூநாரை பார்க்க மாரி முடியிற நேரம் வரவேணும். இப்ப போனால் வெயிலைத்தான் பார்க்கலாம்.

கடைசி, பூநகரி. பரந்தன் சந்தியால திரும்பினால் நேர் ரோட்டு. கோட்டை போர்த்துக்கேயர் கட்டினது, 1770இல ஒல்லாந்தர் பெருப்பிச்சவை. சதுரம், எதிரெதிர் மூலையில ரெண்டு கொத்தளம். பிறகு 1805இல வெள்ளைக்காரன் வந்து ஒரு வாடிவீடும் கட்டினவன். யாழ்ப்பாணக் கோட்டையை நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ, இது சின்னன், இடிஞ்சும் போச்சு. எனக்கு யாழ்ப்பாணக் கோட்டையை விட இது பிடிக்கும். ஆளில்லை, காத்து மட்டும்தான்.

அங்க இருந்து கௌதாரிமுனைப் பக்கம் மண்ணித்தலை சிவன் கோயிலுக்குப் போறதுதான் பெரிய கூத்து. மணல் ரோட்டு. ஸ்கூட்டியை ஒரு வீட்டில விட்டிட்டு, ஒரு ஐயாவின்ர லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில ஏறினனான். காசு வாங்கமாட்டன் எண்டிட்டார், மிச்சம் இருந்த பாலைப்பழத்தைக் குடுத்தன். அவர் பையைத் தூக்கிப் பார்த்திட்டு "எவ்வளவுக்கு வாங்கினது?" எண்டார். பேணிக் கதையை முழுக்கச் சொன்னன். மனுசன் சிரிச்ச சிரிப்பில லான்ட்மாஸ்ரர் பனங்கூடலுக்குள்ள போகப் பார்த்திட்டுது.

கோயில் மணலுக்கு நடுவில தனிய நிக்குது. சோழர் காலக் கலை மரபு எண்டு பேராசிரியர் புஷ்பரட்ணம் எழுதியிருக்கிறார், பூநகரியில கன காலம் ஆய்வு செய்தவர் அவர். சுவரில கையை வைச்சுப் பாருங்கோ. முருகைக்கல்லு. கிட்டப் போனால் கல்லு முழுக்க ஊசித் துளை, சில துளை பூப்போட்ட மாதிரி இருக்கும், அது ஒரு காலம் கடலுக்குள்ள உயிரோட இருந்த சாமான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில சுண்ணாம்புச் சாந்து, அதில உடைஞ்ச சிப்பித் துண்டு ஒண்டு விரலில தட்டுப்பட்டுது. கடலை எடுத்துத்தான் கோயில் கட்டியிருக்கினம். பின்னால கடலேரி, அங்கால யாழ்ப்பாணம் தெரியுது. அந்த ரெண்டு பக்கம் எழுதின தாள் முழுக்க அங்கதான்.

திரும்பேக்க சங்குப்பிட்டிப் பாலத்தில நிப்பாட்டி எடுத்தன். 2011இல திறந்தது, 288 மீற்றர். யாழ்ப்பாணம் போறவை ஏ9ஐ விட்டு இதால போகலாம், அக்கா, வான்காரரிட்டச் சொல்லுங்கோ. மாட்டன் எண்டால் எனக்குப் போன் எடுத்துக் குடுங்கோ, நான் கதைக்கிறன்.

மன்னாரை ஏன் விட்டனான் எண்டு கேப்பியள். மன்னார் வன்னியோ இல்லையோ எண்டு சண்டை துவங்காதேங்கோ, தேர்தல் மாவட்டம் ஒண்டுதான். திருக்கேதீஸ்வரம், மடு, 1560இல கட்டின மன்னார்க் கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம், கட்டுக்கரைக் குளம் எண்டு அதுக்குத் தனி வீடியோ வேணும்.

பற்றறி 4 வீதம் காட்டுது. மண்ணித்தலைக்குப் போறவை விடிய வெள்ளன போங்கோ, தண்ணி கொண்டுபோங்கோ, வழியில கடை இல்லை. செருப்பைக் கழட்டாதேங்கோ, மணலுக்குள்ள நெருஞ்சி முள்ளு. வைக்கிறன்.